எஞ்சினுக்குச் சந்தனக் காப்பு

பாதி எரிந்த பெட்ரோலின் மணம் எங்காவது மூக்கில் ஏறினால், பாரிஸின் லா சப்பல் மெட்ரோப் பாலத்தின் கீழே சிவப்பு விளக்கில், குளிர்காய்ச்சல் கண்டதுபோல் நடுங்கிய எங்கள் பழைய காரின் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தபடி "நிண்டிடாதை, நிண்டிடாதை" என்று அதனிடம் கெஞ்சிய அப்பாவின் முகம்தான் எனக்கு முன்னால் வரும்.

அது 2010இன் இலையுதிர்காலம். எனக்குப் பத்து வயது. அப்பா பெர்தொனே தெருவில் ஒரு மரக்கறிக் கடையில் வேலை செய்தார். விமானத்தில் வந்திறங்கும் முருங்கைக்காயையும் கறிவேப்பிலையையும் திரான்சி, லெ பிளாங்-மெனில் புறநகர்க் கடைகளுக்குக் கொண்டுபோய்ப் போடுவது அவர் பொறுப்பு. சொந்தக் கார் இருந்ததால் கிடைத்த வேலை. வேலை இருந்தால்தான் சம்பளச் சீட்டு, எங்கள் வீட்டுப் பாஷையில் "பிஷ் து பே", வரும். அதைக் காட்டினால்தான் மார்கழியில் "கார்ட்" என்கிற வதிவிட அட்டையைப் புதுப்பிப்பார்கள். ஆக, நாங்கள் மூவரும் பிரான்சில் இருப்பதே அந்தக் கிழட்டு எஞ்சினின் தயவில்தான்.

அதைக் கெடுத்தது நான்.

ஆயுத பூசையன்று அப்பா காரின் மூடியைத் திறந்து, கும்பத்து மஞ்சள் தண்ணீரில் சந்தனத்தைக் கரைத்து, மாவிலையால் எஞ்சின்மேல் நாலு துளி தெளித்துவிட்டுக் கற்பூரம் எடுக்க வீட்டுக்குள் போனார். நாலு துளிக்கே இவ்வளவு அருள் என்றால் முழுக் கும்பத்துக்கும் எவ்வளவு இருக்கும் என்று நான் யோசித்தேன். பள்ளிக்கூடத்தில் என்னைக் கெட்டிக்காரி என்பார்கள். மிச்சத்தை அப்படியே எஞ்சினின் தலையில் ஊற்றினேன். வெறுங்கும்பத்தைப் பார்த்துக் கேட்ட அப்பாவிடம், கால் தட்டிக் கவிழ்ந்துவிட்டது என்றேன்.

அடுத்த நாளே நடுக்கம் தொடங்கியது. நின்ற இடத்தில் உதறியது. ஏற்றத்தில் "இழுவை" இல்லை. லா சப்பல் நடைபாதையில் நின்ற அத்தனை பேரும் வைத்தியரானார்கள். பெட்ரோலில் தண்ணீர் என்றார் ஒருவர், காற்று வடிகட்டி அடைத்திருக்கிறது என்றார் இன்னொருவர். அப்பா எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்தார். அம்மா மட்டும் இது யாரோ கண் வைத்த "நாவூறு" என்று தீர்மானித்து, இன்னொருமுறை மஞ்சள் தண்ணீர் தெளிக்கச் சொன்னார். அந்த முறை கும்பத்தை நான் கையிலிருந்து விடவேயில்லை. பிள்ளைக்குப் பக்தி வந்துவிட்டது என்று அம்மா பூரித்தார்.

பாதி வழியில் கார் நின்று, பெட்டி பெட்டியாகக் கறிவேப்பிலை கறுத்துப்போன நாளில் முதலாளி அப்பாவைக் கூப்பிட்டார். "தம்பி, இன்னொருக்கா நிண்டா நான் வேறை ஆளைப் பாக்க வேண்டி வரும். குறை நினையாதை."

அன்று அப்பா சோற்றைத் தொடாமல் இருந்தார். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அப்பளம் கேட்டேன்.

வெள்ளிக்கிழமை கார் மறுபடியும் நின்றது. சனிக்கிழமை, வன்னியில் ட்ராக்டர் திருத்திப் பழகி, புதிதாக இங்கு வந்திருந்த சிவம் மாமா வந்தார். எஞ்சினை ஓடவிட்டு, பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினார். முதலாவதைக் கழற்றியபோது நடுக்கம் கூடியது, இரண்டாவதிலும் அப்படியே. மூன்றாவதைக் கழற்றியபோது ஒரு மாற்றமும் இல்லை. அதுதான் வேலை செய்யாமல் கிடந்தது. அந்த பிளக் இருந்த குழிக்குள் விரலை விட்டார். மஞ்சள் சேறு ஒட்டிக்கொண்டு வந்தது. மணந்து பார்த்தார்.

"என்ன அண்ணை, எஞ்சினுக்குச் சந்தனக் காப்பே சாத்தினனீங்கள்?"

அப்பா சிரிக்கவில்லை. "நான்தான் தெளிச்சனான்" என்றார்.

"இது தெளிச்ச தண்ணி இல்லை. ஆரோ வாத்திருக்கினம்." சிவம் மாமா என் பக்கம் திரும்பினார். "பிள்ளை, நீ ஏதும்?"

"நொன்" என்றேன். தமிழில் பொய் வரவில்லை. பிரெஞ்சில் சுகமாக வந்தது.

குழியைத் துடைத்து, காயவைத்து, புது பிளக் போட்டதும் எஞ்சின் பூனைபோல் உறுமியது. திங்கட்கிழமை அப்பா முகச்சவரம் செய்துகொண்டு கடைக்குப் போனார். அங்கே வேறொருவர் தன் வான் வண்டியில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார்.

கார்ட் வரவில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு தற்காலிகத் துண்டு, "ரெசெப்பிசே", தந்தார்கள். அதை மாற்ற அப்பா விடியற்காலைக் குளிரில் வரிசையில் நின்றார், இரண்டு வருடங்களாக.

இப்போது அந்த வயதுக் கார்களைப் பாரிஸ் நகருக்குள் விடுவதில்லை; எங்களுடையது எப்போதோ பழைய இரும்பாகிவிட்டது. எங்கள் வீட்டு ஆயுத பூசையும் அந்த வருடத்தோடு நின்றுபோயிற்று. சென்ற வருடம் நான் முதன்முதலாகக் கார் வாங்கியபோது, நாலு துளி தெளித்துவிடச் சொல்லி அப்பாவைக் கூப்பிட்டேன். அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தள்ளி நின்றார்.

"வேண்டாம் பிள்ளை. என்ரை கை ராசியில்லாதது."

அப்போதும் நான் சொல்லவில்லை. இதோ, எழுதிவிட்டேன். தமிழில் அச்சாகிற எதையும் ஒரு வரி விடாமல் வாசிப்பவர் அப்பா.