ஒற்றைப்பனை ஒட்டிய பலகை

சட்டைக்குப் பொத்தான் வைத்துத் தைப்பது சட்டையை மூடத்தான் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். என் வீட்டுக்காரி அற்புதம்மாளைக் கேட்டால், கடற்காகம் செய்வதற்கு என்பாள். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் ஒரு கையால் நெஞ்சைப் பொத்திக்கொண்டு நின்ற என்னைப் பார்த்துச் சாமியார் என் பக்தியை மெச்சினார். உள்ளே பொத்தான் இல்லை என்பது அவருக்கு எங்கே தெரியும்?

அவள் திருவாடானைப் பக்கத்து வயக்காட்டு ஊர்க்காரி. கல்யாணமாகிப் பாம்பன் தீவுக்கு வந்தபிறகுதான் கடலையே பார்த்தாள். ஒரே ஒரு தடவை கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்கு வள்ளத்தில் கூட்டிப்போனேன். போகும்போதும் வரும்போதும் குப்புறக் கிடந்து வாந்தி எடுத்தாள். அப்போது நிமிர்ந்து பார்க்காதவளுக்கு, நயா பைசா வந்த வருஷம் திடீரென்று ஆசை வந்துவிட்டது. கடலில் நின்று பார்த்தால் நம் கரை எப்படித் தெரியும் என்று கேட்டாள். நானும் மெனக்கெட்டுச் சொன்னேன். என் வாயைத்தான் தைத்திருக்க வேண்டும்.

தேயிலைப் பெட்டிப் பலகை ஒன்றைக் கழுவிக் காயவைத்தாள். புளியங்கொட்டையை அரைத்துப் பசை காய்ச்சினாள். நான் சொன்ன கரையை அதில் ஒட்ட ஆரம்பித்தாள். சின்னப் பிள்ளை விளையாட்டேதான். கடலுக்கு உடைந்த வளையல் துண்டுகள். கோயிலுக்குக் கணவாய் மீனின் வெள்ளை ஓடு, அதன்மேல் சிலுவைக்கு இரண்டு தீக்குச்சி. பாம்பன் கலங்கரை விளக்குக்கு என் பீடி. குடித்துப்போட்ட துண்டு இல்லை, பற்றவைக்காத முழுப் பீடி. கரையில் நிற்கும் ஒற்றைப்பனைக்குக் கயிற்றுப் பிரியும், என் பச்சைக் கைலியின் ஒரு மூலையும். மேலே என் பொத்தான்கள் கடற்காகங்களாகி வெள்ளை வெள்ளையாகப் பறந்தன. உலையை வைத்துவிட்டு ஒட்ட உட்கார்ந்தால் சோறு குழைந்து கஞ்சியாகிவிடும். கேட்டால், கஞ்சி உடம்புக்கு நல்லது என்பாள்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஆனால் பனையைக் கோயிலுக்கு இடது பக்கம் நட்டுவைத்திருந்தாளே, அதை எப்படிப் பொறுப்பது? சோற்றுக்கு உட்காரும்போதெல்லாம் எதிரே அதுதான் நிற்கும். தப்பு என்றேன். பிய்த்து வலது பக்கம் ஒட்டினாள். அதுவும் தப்பு என்றேன். இப்படியே நாலு மாசம். கடைசியில் பனை சிலுவையின் வலக்கையைத் தொட்டுக்கொண்டும், விளக்கு கரையோர மணல்மேட்டை விட்டு ஒரு விரற்கடை தள்ளியும் நின்றன. அசல் கரை. அன்றைக்கு முழுக்க அவள் தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தாள்.

அது எந்த இடத்திலிருந்து பார்த்த கரை என்று அந்த நேரத்தில் எனக்கு உறைக்கவில்லை. வடகடலில் எங்கள் அய்யா எனக்கு மட்டும் காட்டிக்கொடுத்த பார் ஒன்று இருக்கிறது. பார் என்றால் கடலடியில் கிடக்கும் பாறைத்திட்டு. தூண்டில் போட்டால் விளமீனும் கலவாயும் ஏறும். எந்தக் காற்றிலும் என் அடுப்பு எரிவது அதை வைத்துத்தான். தண்ணீருக்குமேல் அதற்கு அடையாளம் கிடையாது. வள்ளத்தில் நின்று கரையைப் பார்த்தால் பனை சிலுவையின் வலக்கையைத் தொட வேண்டும், விளக்கு மேட்டை விட்டு ஒரு விரற்கடை தள்ள வேண்டும். அங்கேதான் பார். பின்னால் ஒரு வள்ளம் வந்தால்கூட வேறெங்காவது பாயை இறக்கி ஏமாற்றுகிறவன் நான். அந்த ரகசியத்தை நானே என் வீட்டுச் சுவரில் ஒட்டவைத்திருக்கிறேன். என்னைப்போல் மடையன் இந்தத் தீவில் உண்டா?

என் சித்தப்பா மகன் சவேரியார் ஞாயிறுதோறும் எங்கள் வீட்டில்தான் சாப்பிடுவான். பனை சரியான இடத்துக்கு வந்த வார ஞாயிறு சாப்பிட்ட கையைக் கழுவாமல் பலகைமுன் வெகுநேரம் நின்றான். மூன்றாம் நாள் அவன் வள்ளம் பாருக்குப் பக்கத்தில் கரையைப் பார்த்துப் பார்த்து நகர்ந்துகொண்டிருந்தது. இன்னும் ஒரு கூப்பிடு தூரம்தான்.

பலகையைத் தூக்கி உள்ளே வை என்பீர்கள். எங்கள் வீடு ஒரே அறை. அதோடு, திடீரென்று மறைத்தால் அவனுக்குச் சந்தேகமே தீர்ந்துவிடும். அற்புதம்மாளிடம் ஓடினேன்.

"பனைய ரெண்டு வெரக்கட தள்ளி ஒட்டு. ஞாயித்துக்கெழம அவன் திரும்ப வந்து பாப்பான்."

"நாலு மாசமா தப்பு தப்புன்னீங்க. இப்பத்தான் சரியா இருக்கு. இத நானே தப்பாக்கணுமா?"

"நம்ம பாரு போயிரும் புள்ள."

பனையைப் பிய்த்துத் தள்ளி ஒட்டினாள்.

சவேரியார் வந்தான், பெருவிரலை நீட்டி அளந்தான், போனான். திங்கள் முதல் புதன்வரை வெறும் மணலுக்குமேல் தூண்டிலைப் போட்டு உட்கார்ந்திருந்தான். நான் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். அங்கே சிரிக்க ஆளில்லை. பசை சிரட்டையிலேயே காய்ந்து கிடந்தது. என் சட்டையில் எல்லாப் பொத்தான்களும் திரும்பி வந்து இறுக்கமாக உட்கார்ந்திருந்தன. சோறு பதமாக வெந்திருந்தது. அவள் பலகைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சாப்பிட்டாள். தொல்லை விட்டது என்று நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கோ ஒரு வாய் இறங்கவில்லை. எதிரே அந்தப் பனை தப்பான இடத்தில் நின்றுகொண்டு என் உயிரை வாங்கியது.

சனிக்கிழமை அவள் தண்ணீருக்குப் போன நேரத்தில் நானே பசை காய்ச்சினேன். அடிப்பிடித்து, கையைச் சுட்டுக்கொண்டு, எப்படியோ பனையைப் பழைய இடத்தில் ஒட்டினேன். இடுப்புக் குடத்தோடு வாசலில் வந்து நின்றாள்.

"இன்னும் ஒரு நூலு மேக்க," என்றாள். குடத்தை இறக்கிவிட்டு வந்து, தானே பெருவிரலால் நகர்த்தி அழுத்தினாள். சவேரியார் நினைப்பு இரண்டு பேருக்குமே இல்லை.

மறுநாள் ஞாயிறு. வந்துவிட்டான். பலகையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பிறகு அவளிடம் திரும்பினான். அற்புதம்மாள் பொய் சொல்ல மாட்டாள் என்பது ஊருக்கே தெரியும்.

"மதினி, பனை வாரத்துக்கு ஒரு எடத்துல நிக்கிது. நெசத்தச் சொல்லுங்க, எது சரி?"

அவள் குழம்புச் சட்டியை எடுத்து வந்து அவன் தட்டில் ஊற்றினாள்.

"எனக்கென்ன தம்பி தெரியும். கடல்ல நான் கண்ணத் தொறந்ததே இல்ல. அழகுக்கு ஒட்டுறது. எல்லாமே தப்புதான்."

சவேரியார் விழுந்து விழுந்து சிரித்தான். இதை நம்பி மூன்று நாள் வெயிலில் காய்ந்தேனே என்று அவனே சொல்லிக்கொண்டான். பிறகு எத்தனையோ ஞாயிறு வந்து சாப்பிட்டான். பலகைப் பக்கம் தலையைத் திருப்பியதில்லை.

அன்றைக்கு அவன் போனதும் அவள் பலகைமுன் உட்கார்ந்து முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். சரியாத்தான் இருக்கு, அச்சு அசலா நம்ம கரைதான் என்று அவளிடம் சொன்னேன். அது எனக்குத் தெரியும் என்றாள்.

அடுத்த ஞாயிறு பூசைக்குச் சட்டையை எடுத்தேன். மேல் பொத்தானைக் காணோம். பனைக்குமேல் புதிதாக ஒரு கடற்காகம் பறந்துகொண்டிருந்தது. வாயைத் திறக்காமல் நெஞ்சைப் பொத்திக்கொண்டு கோயிலுக்குப் போனேன்.