மச்சான் வீட்டுப் பின்பக்க அறை

அந்தப் புறநகரில் குழாய் வேலை பார்த்தவரை எல்லோரும் ‘அடைப்பு அண்ணன்’ என்றுதான் கூப்பிட்டார்கள். முன்பு அங்கே வீட்டுக்கு ஒரு குடும்பம், குடும்பத்துக்கு ஒரு கழிவறை. கல்லூரி வந்ததும் வீட்டுக்காரர்களுக்குப் பேராசை பிடித்தது. மாணவர்களுக்கு வாடகைக்கு விடக் கூடத்தைத் தடுத்தார்கள், சமையலறையைத் தடுத்தார்கள், மாடிப்படிக்கு அடியிலும் ஒரு கட்டிலைச் சொருகினார்கள். கழிவறை மட்டும் பழையபடி ஒன்றே ஒன்று.

அண்ணன் கைவிட்டு எடுக்காத கண்றாவி இல்லை. முடிக்கற்றை, ஊறிப்போன நூடுல்ஸ், ஒருமுறை முழுசாக ஒரு காலுறை. அதெல்லாம் பழகிவிட்டது. வீட்டுக்காரர்கள் பேசும் பேச்சுதான் அவருக்குக் குமட்டியது.

ஒரு காலையில் அக்காவின் கணவர் போன் செய்தார். “மாப்ளே, பின்பக்கம் தண்ணி எதிர்த்து வருது. சத்தமில்லாம வந்து பாத்துட்டுப் போ.”

துணி துவைக்கும் இடமாக இருந்ததை ஒட்டுப்பலகையால் அடைத்து அறையாக்கியிருந்தார் மச்சான். ஜன்னல் கிடையாது. சாக்கடை மூடிக்கு மேலேயே கட்டில். தரையெல்லாம் கறுப்புத் தண்ணீர், அதில் ஒரு பாடப்புத்தகம் மிதந்தது. கட்டில்மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒரு மாணவன் காய்ச்சலில் நடுங்கிக்கொண்டிருந்தான்.

“சொல்லக் கூடாதா தம்பி?”

“சொன்னேன் அண்ணே. பிடிக்கலன்னா காலி பண்ணுன்னாரு.”

மச்சான் மூக்கில் கைக்குட்டையோடு வாசலிலேயே நின்றார். “படிக்கிற பசங்கதானே. தலை சாய்க்க இடம் இருந்தா போதாதா?”

“உங்க புள்ளைய இதுல படுக்க வைப்பீங்களா மச்சான்?”

“வந்த வேலையப் பாரு.”

பார்த்தார். கட்டிலை நகர்த்தி, கடப்பாரையால் மூடியைத் திறந்து அடைப்பை எடுத்தார். பிறகு அதே கடப்பாரையால் பலகைச் சுவரை நெம்பிச் சாய்த்தார். அக்கா ஓடி வந்தாள்.

“பொறந்த வீட்டுல எனக்குன்னு நீ ஒருத்தன்தான் இருந்தே. இனிமே அதுவும் இல்ல.”

அவர் கடப்பாரையைக் கீழே போட்டார். மாணவனைக் கைத்தாங்கலாக டாக்டரிடம் கூட்டிப் போனார்.

மச்சான் வேறு ஆளை வைத்து அதே இடத்தில் செங்கல் சுவரே எழுப்பினார். அக்கா போனை எடுப்பதில்லை.

மழைக்காலத்தில் அடுத்த தெருவிலிருந்து அழைப்பு வந்தது. கதவைத் திறந்தவன் அதே மாணவன். மாடிப்படிக்கு அடியில் தன் கட்டிலை ஒட்டிக் குனிந்தபடி நின்றான்.

“இங்க பரவாயில்ல அண்ணே. கட்டில் வரைக்கும் தண்ணி வரல.”

அண்ணன் தெருவுக்கு வந்து காறித் துப்பினார். பிறகு மறுபடி உள்ளே போய்க் குனிந்தார்.