ஞாயிற்றுக்கிழமைத் தண்ணீர்

மோகனப்பிரியாவின் ஸ்கூட்டரில் கால் வைக்கிற இடத்தில் கால் வைக்க முடியாது. பதினான்கு வருஷமாக அங்கே பத்து லிட்டர் கேன் ஒன்று குடியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் சூலூரிலிருந்து கிளம்பும்போது அது காலி. செல்வபுரத்தில் இருக்கும் அப்பா வீட்டுக்குப் போய்ச் சாயங்காலம் திரும்பும்போது அது நிறைந்திருக்கும். உள்ளே இருப்பது சிறுவாணித் தண்ணீர்.

கோயம்புத்தூர்க்காரர்களிடம் எதை வேண்டுமானாலும் குறை சொல்லலாம், சிறுவாணியைச் சொல்லிவிட்டு முழுசாகத் திரும்ப முடியாது. உலகத்திலேயே ருசியான தண்ணீர் எங்கள் குழாயில்தான் வருகிறது என்று சாதிப்பார்கள். மோகனப்பிரியா அந்தக் குழாயடியில் பிறந்து வளர்ந்தவள். திருச்சி ரோட்டில் வண்டி மேற்கே திரும்பியதும் எதிரே மலை நீலமாக எழும்பும். மழைக்காலமென்றால் மேகம் அதன் தோளில் தொங்கும். பார்த்துக்கொண்டே ஓட்டுவாள். அந்த மேகத்திலிருந்து ஒரு சொட்டு விழுகிறது, பாறையில் வழிகிறது, குழாய்க்குள் நுழைந்து இருட்டில் மைல் கணக்காக நடக்கிறது, கடைசியில் அம்மாவின் குடத்தில் வந்து குதிக்கிறது. இப்படியொரு சொட்டோடு கூடவே போய் எத்தனையோ முறை சிக்னலைத் தாண்டிப் போலீஸ்காரரிடம் திட்டு வாங்கியிருக்கிறாள்.

அம்மா இறந்து மூன்று வருஷமாகிறது. அப்பா சென்னிமலை, பம்ப்செட் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அந்த வீட்டில் தனியாக இருக்கிறார்.

கல்யாணமான புதிதில் வாராவாரம் பிறந்த வீட்டுக்குப் போக ஆசைப்பட்டாள். மாமியார் நாச்சியம்மாள் கொடுமைக்காரி இல்லை. ஆனால், "போன வாரந்தானே போய்ட்டு வந்தே அம்மணி?" என்று அமைதியாகக் கேட்பார். இவள் எடுத்த பையைத் திரும்ப உள்ளே வைத்துவிடுவாள். ஒரு தடவை மோகனப்பிரியா ஒரு பாட்டில் தண்ணீர் கொண்டுவந்து டீ போட்டுக் கொடுத்தாள். மாமியார் குடித்துவிட்டு, "டீ நல்லாத்தான் இருக்குது. அடுத்த வாரம் போனா ஒரு கேன் கொண்டாந்துரு" என்றார். அன்றைக்குக் கிடைத்ததுதான் ஞாயிற்றுக்கிழமை. அதற்குப் பிறகு யாரும் அவளை எதுவும் கேட்டதில்லை. தண்ணீர் எடுக்கப் போகிறவளை யார் கேட்பார்கள்?

அவள் சூலூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் டீச்சர். ஆரம்பத்தில் எல்லா டீச்சரையும் போலத்தான் அவளும் ப்ராஜெக்ட் கொடுத்தாள். 'நீர் மாசுபாடு' என்று தலைப்புக் கொடுத்தால் முப்பத்தெட்டுப் பிள்ளைகளும் ஒரே ஜெராக்ஸ் கடையில் ஒரே பக்கத்தைப் பிரிண்ட் எடுத்து, ஓரத்தில் ஜிகினா ஒட்டிக் கொண்டுவருவார்கள். ஒரு வருஷம் அத்தனை பேரும் 'எங்கள் ஊர் கங்கை நதி' என்று எழுதியிருந்தார்கள். சூலூருக்குக் கங்கை வந்த அந்த நாளில் அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. தப்பு பிள்ளைகளிடம் இல்லை, கேள்வியில்தான் என்று அன்றைக்குப் பட்டது.

அதிலிருந்து ஒரு நோட்டில் கேள்விகளாகச் சேர்க்க ஆரம்பித்தாள். போனில் தேடினால் கிடைக்கக் கூடாது. அவளுக்கே பதில் தெரிந்திருக்கக் கூடாது. பிள்ளைகள் போய்ப் பார்த்து, எண்ணி, யாரையாவது கேட்டால்தான் தெரிய வேண்டும். 'மரம் ஏன் முக்கியம்?' என்று எழுதி அடித்துவிட்டு, 'நம் பள்ளி வேப்பமரத்து நிழலில் எந்த மணிக்கு எத்தனை பேர் நிற்கலாம்?' என்று எழுதினாள். 'சூலூர் விமானப்படைத் தளத்து விமானம் மேலே போகும்போது தெருநாய்கள் என்ன செய்கின்றன?' என்ற கேள்விக்குப் பிள்ளைகள் ஒரு மாசம் நாய்களின் பின்னால் அலைந்தார்கள். ஹெட்மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டார். மற்ற டீச்சர்கள் அவளை ஒரு மாதிரி பார்த்தார்கள். அவள் அதையெல்லாம் கவனிக்கவே இல்லை. பாதி நேரம் ஜன்னலுக்கு வெளியே அடுத்த கேள்வியைத் தேடிக்கொண்டிருந்தாள்.

இந்த வருஷக் கேள்வி அவள் வண்டியிலேயே இருந்தது. 'சிறுவாணித் தண்ணீரை நாக்கால் கண்டுபிடிக்க முடியுமா?'

முடியும் என்பதில் அவளுக்குத் துளியும் சந்தேகம் இல்லை. தன்னுடைய விதியைத் தானே மீறுகிறோம் என்பது அவளுக்கு அப்போது உறைக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவளுடைய கேனோடு கூட இன்னும் இரண்டு கேனை நிரப்பிக்கொண்டு வந்தாள். அப்பா, "எதுக்கு அம்மணி இத்தனை?" என்று கேட்டார். பிள்ளைகள் பரிசோதனை செய்யப் போகிறார்கள் என்றதும் அவர் முகம் என்னவோ போலானது. வயசான மனிதர், கேன் தூக்கிய அலுப்பு என்று நினைத்துக்கொண்டாள்.

பிள்ளைகள் ஆளுக்கொரு பாட்டில் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். முதல் வாரம் எல்லாருடைய வீட்டிலும் எல்லாரும் சரியாகச் சொல்லிவிட்டார்கள். வகுப்பே கை தட்டியது. தாரிக் மட்டும் தட்டவில்லை. எதையும் லேசில் நம்பாதவன் அவன்.

"டீச்சர், எங்க உம்மா தண்ணியப் பாக்கலீங்க, என் மூஞ்சியத்தான் பாத்தாங்க. சரியான டம்ளரத் தொட்டா நான் சிரிச்சுப்போட்டனுங்க."

உட்கார்ந்து திட்டத்தை மாற்றினார்கள். மூன்று டம்ளர். இரண்டில் வீட்டுக் குழாய்த் தண்ணீர், ஒன்றில் கேன் தண்ணீர். ஊற்றுகிறவர் வேறு, கொடுக்கிறவர் வேறு. கொடுக்கிறவருக்கு எது எதுவென்று தெரியக் கூடாது. மூன்றும் ஒரே சூட்டில் இருக்க வேண்டும். குடிக்கிறவர் சொன்னதைச் சொன்னபடி எழுத வேண்டும். இதில் டீச்சர் சொன்னது கடைசி ஒன்றுதான், மற்றதெல்லாம் பிள்ளைகள் சண்டை போட்டுக் கண்டுபிடித்தது. ஒவ்வொருவரும் மூன்று பேரைச் சோதித்தார்கள். மொத்தம் நூற்றுப்பதினான்கு பேர்.

அதற்கு முன்னால், வகுப்பில் டீச்சரையே உட்கார வைத்துச் சோதித்தார்கள். மோகனப்பிரியா கண்ணை மூடிக்கொண்டு மூன்றையும் குடித்தாள். இரண்டாவது டம்ளரில் பாறை, மேகம், அம்மாவின் குடம் எல்லாம் வந்தன. "இதுதான்" என்றாள், யோசிக்கவே இல்லை.

டம்ளருக்கு அடியில் ஒட்டியிருந்த சீட்டைக் கனிஷ்கா எடுத்துப் படித்தாள். "சூலூர்க் குழாய்ங்க, டீச்சர்."

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் உள்ளுக்குள் யாரோ கன்னத்தில் அறைந்தது போலிருந்தது.

நூற்றுப்பதினான்கில் சரியாகச் சொன்னவர்கள் நாற்பத்தொரு பேர். குருட்டாம்போக்கில் கையைக் காட்டினாலே முப்பத்தெட்டு வரும் என்று பிள்ளைகள் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை என்றுதான் அர்த்தம். கனிஷ்கா மோகனப்பிரியாவுக்கு அடுத்த வீட்டுப் பெண். அவள் சோதித்த மூன்று பேரில் ஒருவர் நாச்சியம்மாள். அவர் சொன்னதைச் சொன்னபடி எழுதியிருந்தாள்: 'மூணும் ஒண்ணாட்டந்தான் இருக்குது கண்ணு. எனக்கு எப்பவுமே ஒண்ணாட்டந்தான்.' மோகனப்பிரியா அந்த வரியைச் சட்டென்று கடந்துபோனாள். அதன் மேல் நிற்கப் பயமாக இருந்தது. தண்ணீரில் ஒன்றும் இல்லையென்றால், ஞாயிற்றுக்கிழமையில் என்ன இருக்கிறது?

அப்போதுதான் தாரிக் மறுபடி எழுந்தான்.

"டீச்சர், கேன்ல இருந்தது சிறுவாணித் தண்ணிதான்னு நமக்கு எப்படீங்க தெரியும்?"

"எங்கப்பா வீட்டுல நானே புடிச்சதுடா."

"கொழாய்ல வாறது சிறுவாணிதான்னு யார்கிட்டயாவது கேட்டீங்களா? கேக்காம எழுதக் கூடாதுன்னு நீங்கதானுங்க சொன்னீங்க."

அவளுக்குக் கோபம் வந்தது. ஒரு கணம்தான். பிறகு, இப்படிக் கேட்கிற பிள்ளை ஒருநாள் வர மாட்டானா என்று ஏங்கித்தானே இத்தனை வருஷமாக நோட்டை நிரப்பினோம் என்று நினைத்தாள். "கேட்டுட்டு வாரேன்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா குழாயடியில் கேனை வைத்துக்கொண்டிருந்தார். பின்னால் போய் நின்று கேட்டாள்.

"அப்பா, இது சிறுவாணித் தண்ணிதானுங்களே?"

சென்னிமலை குழாயைத் திறக்கவில்லை. கை அதன் மேலேயே இருந்தது.

"இல்ல அம்மணி. ரெண்டு வருசத்துக்கு முந்தி நம்ம தெருவுல புதுக் கொழாய் பதிச்சாங்க. அதுல வாறது பில்லூர் டேம் தண்ணி. பவானி."

சூலூரில் அவள் வீடு, பிள்ளைகள் வீடு எல்லாக் குழாயிலும் வருவதும் பவானித் தண்ணீர்தான். ஓர் ஆறு இரண்டு குழாயாகப் பிரிந்து இரண்டு வீட்டுக்கும் தானாகவே வந்துகொண்டிருக்க, அவள் மட்டும் அதைப் பத்துப் பத்து லிட்டராக ஊர் தாண்டிச் சுமந்திருக்கிறாள்.

"ஏனுங்கப்பா சொல்லல?"

"சிறுவாணி வேணும்னா மேலத் தெருக் கொழாய்க்குப் போகோணும். நீ வாறதுக்கு முந்தியே கொஞ்ச நாள் போய்ச் சுமந்து வெச்சேன். முட்டி ஒத்துக்கல." அவர் அவளைப் பார்க்காமல் கேனின் மூடியைத் திருகினார், கழற்றினார், மறுபடி திருகினார். "நீ தண்ணிக்குத்தான கண்ணு வாரே. தண்ணி இல்லீன்னா உங்கூட்டுல என்னன்னு சொல்லிப்போட்டு வருவே?"

மோகனப்பிரியா அந்த ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்குக் கேனை நிரப்பிக்கொள்ளவில்லை. திரும்பும்போது மலை முதுகுக்குப் பின்னால் இருந்தது. அந்தச் சொட்டுத் தண்ணீர் இனி எங்கே போகும் என்று தெரியாமல் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தாள். வீட்டில் காலிக் கேனைக் கழுவுகிற கல்லின் மேல் கவிழ்த்து வைத்தாள். மாமியார் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

திங்கட்கிழமை சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு கரும்பலகை முன்னால் நின்றாள். 'சிறுவாணிதான், விசாரித்துவிட்டேன்' என்று எழுதினால் யாருக்குத் தெரியப்போகிறது? உள்ளதை எழுதினால் சாயங்காலத்துக்குள் கனிஷ்கா மதில் மேல் எட்டி நாச்சியம்மாளிடம் ஒப்பித்துவிடுவாள். ஒரே தண்ணீருக்கு எதற்கு அத்தனை தூரம் என்று வீட்டில் நியாயமாகவே கேட்பார்கள். அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார். முப்பத்தெட்டு ஜோடிக் கண்கள் முதுகில் இருந்தன. கங்கை வந்த அந்த வருஷத்தை நினைத்துக்கொண்டாள். எழுதினாள்.

'கேனில் இருந்தது சிறுவாணித் தண்ணீர் அல்ல. இரண்டும் பவானித் தண்ணீர்.'

பிள்ளைகள் வாய்விட்டு இரண்டு தடவை படித்தார்கள். பிறகு தாரிக் பெஞ்சின் மேலேயே ஏறிவிட்டான். "அப்ப நாம கண்டுபுடிச்சது சரிதானுங்க டீச்சர்! ஒரே தண்ணின்னு நூத்திப்பதினாலு பேரு நாக்கும் சரியாச் சொல்லீருக்குது!" மேலத் தெருத் தண்ணீரைக் கொண்டுவந்து முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்று கூச்சல் போட்டார்கள். அவள் வாழ்க்கையில் நடத்திய பாடங்களிலேயே அதுதான் உருப்படியான பாடம். அவள்தான் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று அழுதுகொண்டிருந்தாள்.

கனிஷ்கா அன்றைக்கே சொல்லிவிட்டாள். நாச்சியம்மாள் அந்த வாரம் முழுக்க வாயைத் திறக்கவில்லை. சனிக்கிழமை கல்லின் மேல் இருந்த கேனைக் காணோம். எடுத்துப் பரணில் போட்டிருப்பார், முடிந்தது கதை என்று மோகனப்பிரியா நினைத்தாள். ஞாயிற்றுக்கிழமை குளித்துவிட்டுக் கிளம்பாமல் அவரைக்காய் நறுக்க உட்கார்ந்தாள்.

"ஏன் அம்மணி, நேரமாகலையா?" என்றார் மாமியார் வாசலிலிருந்து.

வெளியே வந்து பார்த்தாள். ஸ்கூட்டரில் கேன் இருந்தது. கழுத்து வரைக்கும் தண்ணீர்.

"இது..."

"நம்மூட்டுத் தண்ணிதான். ரெண்டும் ஒண்ணுன்னு புள்ளைக கண்டுபுடிச்சிருக்குதாம்ல? அப்பறம் எந்தப் பக்கம் கொண்டுட்டுப் போனா என்ன?" நாச்சியம்மாள் மூடியை ஒரு தடவை இறுக்கினார். "உங்கப்பாவுக்குக் குடுத்துப்போட்டு வெறுங்கேனைக் கொண்டுட்டு வந்துரு. அடுத்த வாரத்துக்கு வேணும்."

மோகனப்பிரியா கையைத் துடைத்துக்கொண்டு சாவியை எடுத்தாள். "வாரேனுங்க அத்தை" என்று மட்டும் சொன்னாள். முதல் முறையாக நிறைந்த கேனோடு வண்டி மேற்கே போனது. சிங்காநல்லூர் தாண்டுகிற வரைக்கும் எதிரே இருந்த மலை அவள் கண்ணுக்குத் தெளியவே இல்லை. கேன் கால்களுக்கு நடுவே குலுங்கிக்கொண்டே வந்தது.