அச்சாரம் வாங்கிய காக்கத்துவான்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில், கொக்குவிலில் ரயில் பாதையோரம் இருந்த எங்கள் வீட்டு வளவில் நான் பறவை விற்றேன். புகையிலைக்காரன் வீட்டுப் பிள்ளைக்கு இது என்ன தொழில் என்று உறவுக்காரர் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று இருந்தேன். காங்கேசன்துறைக்கு வரும் கப்பல்காரரிடம் மைனாவும் வெளியூர்க் கிளிகளும் கிடைக்கும். கொஞ்சம் மேலே வைத்து விற்பேன். விற்பனைக்கென்று ஓர் ஒழுங்கும் என்னிடம் கிடையாது. வாய்ச்சொல் போதும் என்று நினைத்த காலம்.

ஒரு முறை வெள்ளைக் காக்கத்துவான் கிளி ஒன்று வந்தது. தலையில் மஞ்சள் கொண்டை. ஆள் அரவம் கேட்டால் போதும், கொண்டையை விரித்துக்கொண்டு கூட்டுக்குள் ஆடத் தொடங்கிவிடும். அதை முன் விறாந்தையில் தொங்கவிட்டிருந்தேன்.

பக்கத்து வளவில் நாட்டு வைத்தியம் பார்க்கும் பரியாரியார் ஒருவர் இருந்தார். கொழும்புத்துறையிலிருந்து ஒரு மீன்பிடிகாரர் தன் மகளை மாட்டு வண்டியில் அவரிடம் கொண்டுவருவார். ஏழு வயதுப் பிள்ளை. காய்ச்சல் ஒன்று வந்து கால் இரண்டும் இயங்காமல் போயிருந்தன. திரும்பும்போது வண்டி எங்கள் வாசல் படலையில் நிற்கும். காக்கத்துவான் ஆடும், பிள்ளை கைதட்டிச் சிரிக்கும்.

"அவள் சிரிச்சு நாலு மாதம், தம்பி" என்றார் தகப்பன். விலையைக் கேட்டார். சொன்னேன். கட்டாது என்பதுபோல் தலையை ஆட்டிவிட்டு வண்டியில் ஏறினார்.

அடுத்த கிழமையே மலாயாவிலிருந்து பென்சனில் வந்த ஒரு பெரியவர் பறவையைப் பார்த்தார். முன்பணமாக, அச்சாரமாக, ஐந்து ரூபாயை என் கையில் வைத்தார்.

"ஆடி பிறந்திட்டுது. ஆடியிலை புதுச் சீவனை வீட்டுக்குக் கொண்டு போகேலாது. ஆவணியிலை நல்ல நாள் பாத்து வாறன்."

"ஓம் ஐயா" என்றேன். அவ்வளவுதான் நான் பேசியது.

எங்கள் வீட்டில் புகையிலைக்கு அச்சாரம் வாங்கினால், அந்தச் சிப்பத்தை மற்றவற்றிலிருந்து பிரித்துப் பின் அறையில் அடுக்கிவிடுவோம். பிறகு யாரும் அதைத் தொடுவதில்லை, யாருக்கும் காட்டுவதுமில்லை. காக்கத்துவானையும் அப்படியே கூட்டோடு தூக்கிப் பின் அறையில் வைத்தேன். நாளுக்கு இரண்டு தரம் தீனி போட்டுக் கதவைச் சாத்தினேன். மரியாதையான வியாபாரம் செய்வதாக எனக்குள் பெருமை வேறு.

பத்து நாள் கழித்து மீன்பிடிகாரர் தனியாக வந்தார். வைத்தியம் முடிந்துவிட்டது, கால் வரவில்லை. மடியிலிருந்து முழுக் காசையும் எடுத்தார்.

"அண்ணை, அதுக்கு அச்சாரம் வாங்கியிட்டன். ஆவணியிலை எடுக்க வருவார்."

"அவர் வராட்டி?"

"வருவார்."

 காசை மடியில் கட்டிக்கொண்டு நடந்து போனார்.

ஆவணி பிறந்தது. பென்சனியர் வரவில்லை. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஒவ்வொரு ரயில் நிற்கும்போதும் படலைக்குப் போவேன், ஒழுங்கையில் அவர் வருகிறாரா என்று பார்ப்பேன், திரும்பி வருவேன். சாப்பாட்டுக்கு இருந்தவன் பாதியில் எழும்பிப் போய்ப் பார்த்ததும் உண்டு. பறவை யாருடையது? என்னுடையதா, அவருடையதா? விற்கலாமா, கூடாதா? எத்தனை நாள் பார்ப்பது?  பின் அறையில் அது வேறு தன் நெஞ்சு இறகைத் தானே பிடுங்கத் தொடங்கியிருந்தது. கூட்டின் அடியில் தினமும் வெள்ளை இறகு. மனித முகம் பார்த்துப் பழகியதைப் புகையிலை மணத்தில் தனியே பூட்டி வைத்தால் வேறு என்ன செய்யும்? இது எனக்கு அப்போது விளங்கவில்லை. பேன் என்று நினைத்து மஞ்சள் தண்ணீர் தெளித்தேன், மடையன்.

ஆவணி இருபதாம் நாள் பொறுக்க முடியாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு பென்சனியர் வீட்டுக்கே போனேன்.

"வீட்டுக்காரிக்கு உந்தச் சத்தம் ஒத்துவராதாம். நானே வந்து காசை வாங்குவம் எண்டு இருந்தனான்" என்றார்.

"எங்கடை ஊரிலை அச்சாரம் தந்தவர் வராட்டிக் காசு போச்சு, ஐயா."

"அது போயிலைக்கு. மலாயாவிலை டிப்பாசிட் குடுத்திட்டு வேண்டாமெண்டா திருப்பித் தருவாங்கள். நீர் எனக்கு வேறை மாதிரிச் சொன்னனீரோ?"

சொல்லவில்லை. அதுதான் எனக்கு எரிச்சல். மனிதன் பொய் சொல்லவில்லை, ஏமாற்றவில்லை. ஐந்து ரூபாயை மேசையில் வைத்துவிட்டு வெளியேறினேன். எத்தனை நாள் வைத்திருப்பேன், வராவிட்டால் காசு யாருக்கு, இடையில் பறவைக்கு ஏதும் வந்தால் யார் பொறுப்பு என்று பின்னாளில் ஒரு மட்டையில் எழுதித் தொங்கவிட்டேன். வாசிக்க ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடப் பேச்சை ஆடியில் பேச எனக்குக் கூச்சம். பெரிய மனிதரிடம் நிபந்தனை பேசுவதா என்ற கூச்சம்.

நேரே வீட்டுக்கு வந்து, கூட்டைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு கொழும்புத்துறைக்கு மிதித்தேன். வழியெல்லாம் காசு வேண்டாம், பாதி போதும், சும்மாவே கொடுத்துவிடலாம் என்று மனம் அலைந்தது.

பிள்ளை பாயில் கிடந்தது. கூட்டை அருகில் வைத்தேன். காக்கத்துவான் மூலையில் ஒடுங்கி நின்றது. கொண்டை எழும்பவில்லை. நெஞ்சு முழுக்க வெறும் தோல்.

"இது அது இல்லை, அப்பா. அது வடிவு" என்றது பிள்ளை.

"அதுதான், பிள்ளை. இறகு திரும்ப முளைக்கும்" என்றேன். பிள்ளை சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டது.

தகப்பன் கூட்டைத் தானே தூக்கி வந்து என் சைக்கிளில் கட்டினார். முடிச்சைப் போட்டபடி மெதுவாகச் சொன்னார்: "நீ ஒரு நாளைக் குறிச்சு, அதுக்குள்ளை அவர் வராட்டி உங்களுக்குத்தான் எண்டு சொல்லியிருந்தா, அவளுக்கு அந்த நாளைச் சொல்லி வைச்சிருப்பன். நான் வித்துப் போச்சு எண்டு சொல்லிப்போட்டன். அவள் அழுது முடிச்சிட்டாள், தம்பி."