குழாய் போட்ட சத்தம்

போன செவ்வாய்க்கிழமை காலையில் எங்கள் சாயப்பட்டறையே ஆடிப்போனது.

சாயத்தொட்டிகளுக்கு ஸ்டீம் கொண்டுபோகும் குழாய் ஐந்தாறு நாளாகவே டங் டங் என்று தட்டிக்கொண்டிருந்தது. அன்றைக்கு விழுந்தது பாருங்கள் ஓர் அடி... மேற்கூரைக் காரை பெயர்ந்து தொட்டிக்குள் விழுந்தது. நூல் முக்கிக்கொண்டிருந்த நாலு பேரும் வாசலுக்கு ஓடினார்கள். மேனேஜரான நான் அவர்களுக்கு முன்னால் ஓடியிருந்தேன்.

ஓடியவனுக்குக் கோபம் வராதா? பாய்லர்காரர் மூக்கையாவைப் பிடித்துக்கொண்டேன். திருமங்கலத்துப் பக்கத்து ஆள், பன்னிரண்டு வருஷ சர்வீஸ்.

"வால்வைப் படக்குனு திறந்துட்டியா? நாளையிலேருந்து வராதே."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் கேட்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "வாரேன்யா" என்று போய்விட்டார்.

மத்தியானம் கோரிப்பாளையத்திலிருந்து ஃபிட்டர் காதர் பாய் வந்தார். பாய்லர் பக்கமே போகவில்லை. குழாயின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஒரு கயிற்றை இழுத்துப் பிடித்தார்.

"நடுவுல நாலு விரக்கட தொங்குது சார். ஸ்டீம் ஆறித் தண்ணியாகி, வடிய வழியில்லாம அந்தப் பள்ளத்துல நிக்கிது. பின்னால வர்ற ஸ்டீம் அதைத் தூக்கி வளைவுல அடிக்கிது. இன்னும் ரெண்டு அடி விழுந்திருந்தா வளைவு தெறிச்சு, கீழ நின்னவுக வெந்துருப்பாக. ஆமா, இம்புட்டு ஈர நூலைக் குழாய்ல தொங்கவிட்டது யாரு?"

யார்? நான்தான். ஐப்பசி மழையில் நூல் காயவில்லை. சூடான குழாய் சும்மாதானே போகிறது, அதன்மேல் போடுங்கள் என்று முதலாளி எதிரிலேயே யோசனை சொல்லி, சபாஷ் வாங்கியவன் நான். "குழாய் பாரம் தாங்காதுங்கய்யா" என்று மூக்கையா அப்போதே சொன்னார். உன் வேலையைப் பார் என்றேன்!

நாலு உயிர் போயிருக்கும். இதில் தடுக்கப் பார்த்த மனிதரையே வீட்டுக்கு அனுப்பியாயிற்று. மேனேஜர் வேலைக்கு வேறென்ன தகுதி வேண்டும்?

அன்று சாயங்காலமே பஸ் பிடித்து அவர் வீட்டுக்குப் போனேன். தப்பு என்னுடையது என்று சொல்லி, வேலைக்குத் திரும்பக் கூப்பிட்டேன். மூக்கையா துண்டை எடுத்துத் தோளில் போட்டார்.

"வாரேன்யா. ஆனா அந்த நூலை வேற யாரும் எடுக்கக் கூடாது. எல்லாரும் பாக்க நீங்கதான் ஏறி எடுக்கணும்."

மறுநாள் ஏணியில் ஏறினேன். கீழே ஒருவரும் சிரிக்கவில்லை, சிரித்திருந்தால் தேவலை. கடைசி நூல் சிட்டமும் இறங்கி, காதர் பாய் குழாயை நிமிர்த்தித் தண்ணீரை வடித்தபிறகுதான் மூக்கையா வால்வில் கை வைத்தார். கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தார். குழாய் மூச்சுக் காட்டவில்லை.

அந்த நூலின் சிவப்புச் சாயம் இன்னும் என் விரல்களை விட்டுப் போகவில்லை. மருதாணியா என்று கேட்பவர்களுக்கெல்லாம் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.