தொடாமல் விட்ட கேள்விகள்

பெட்ரீசியா மலேசியாவின் ஈப்போவில் ஒரு பாலர் பள்ளியில் உதவியாளர். சுங்காய் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். ரப்பரை அழித்து எண்ணெய் எடுக்கும் செம்பனை நட்டபோது வேலை போய், குடும்பம் டவுனுக்கு வந்தது. படிப்பு மூன்றாம் படிவத்தோடு, பதினைந்து வயதில் நின்றது. ஆசிரியராக டிப்ளோமா வேண்டும் என்பதால், நாற்பது தாண்டிய பிறகு தொலைதூரக் கல்வியில் அதற்கு முன் முடிக்க வேண்டிய ஒரு நுழைவுப் படிப்பில் சேர்ந்தார்.

மற்ற பாடங்கள் எப்படியோ ஓடிவிட்டன. கணக்கில்தான் தோற்றார்.

"எனக்குக் கணக்கு வராது, விட்டுர்றேன்," என்றார் கணவர் ஜோனதனிடம்.

"டீச்சர்ட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு விடு."

இணைய வகுப்பு நடத்தும் பிரதீபா வயதில் இளையவர். விடைத்தாளைப் பார்த்துவிட்டு ஃபோனில் கேட்டார்: "பாதிக் கேள்விய ஏன் தொடவே இல்லக்கா?"

"சரியா தெரியாதத எப்படி எழுதறது டீச்சர்?"

தப்பாகப் போட்டால் வகுப்பே சிரிக்கும். சிறுமியாக இருந்தபோது அதற்குப் பயந்து வெறுமையாக விட்டது, அப்படியே பழகிப்போயிருந்தது.

"வழி எழுதினா அதுக்கும் மார்க் இருக்குலா. தப்பா போனாலும் எழுதுங்க. எங்க தப்புனு நான் பாத்துச் சொல்றேன்."

மறுதேர்வில் அவர் ஒரு கேள்வியையும் விடவில்லை. அடித்தல் திருத்தலாகக் கிடந்த தாளைக் கொடுக்கவே கூச்சமாக இருந்தது. மயிரிழையில் தேறினார்.

முடிவு வந்தபோது பிள்ளைகளுக்குக் கை கழுவிவிட்டுக்கொண்டிருந்தார். பள்ளியை நடத்தும் தவமணியிடம் ஃபோனைக் காட்டினார்.

"அப்ப கை கழுவிவிட வேற ஆள் பாக்கணும்லா," என்றார் தவமணி.

"டிப்ளோமா முடியட்டும்க்கா," என்று சிரித்தார் பெட்ரீசியா.