நசீரா டீச்சர் வார்த்த தட்டு

காலையில் பள்ளிவாசல் ஒலிபெருக்கி மரண அறிவித்தலில் முதலில் ஆதம்லெவ்வையின் பெயரைச் சொன்னது. அவர்தான் மௌத்தாகிவிட்டார் என்று நினைத்தேன். பிறகே "அவர்களின் மனைவி" என்று வந்தது. நசீரா என்ற பெயர் கடைசியில். கல்முனையில் பாதி ஊருக்குக் கணிதம் கற்பித்தவர், தம் மௌத்துச் செய்தியிலும் கணவருக்குப் பின்னால்தான் நின்றார்.

ஒரே பாடசாலையில் நசீரா டீச்சரும் நானும் நெடுங்காலம் கற்பித்தோம். பிள்ளைகள் பிழைவிட்டால் அழிக்க விடமாட்டார். "கிடக்கட்டும். கீழ திரும்பச் செய்ங்க" என்பார். குரல் உயராது.

அவர் ஓய்வுபெற்ற பின் கணவரைப் பாரிசவாதம் தாக்கி வலது கையும் காலும் விழுந்து, சக்கர நாற்காலிக்கு வந்தார். நாக்கு விழவில்லை. மகன் கட்டாரில். மார்க்கச் சட்டத்தில் எங்கள் ஊர் ஷாபி மத்ஹபு. தொழுகைக்கு முன் முகம் கை கால் கழுவி எடுக்கும் வுழூ, மனைவியின் தோல் பட்டால் கணவருக்கு முறிந்துவிடும். அதனால் டீச்சர் றப்பர் கையுறை போட்டுத் தண்ணீர் ஊற்றுவார். கையுறைக்கு மேலே மணிக்கட்டு சற்றுப் பட்டாலும் கணவர், "முறிச்சிட்டாய். திரும்ப ஊத்து" என்பார். ஐந்து வேளையும் இதுதான்.

கணவர் யாருடைய உதவியுமின்றி வுழூ எடுக்கவேண்டும் என்பதே டீச்சரின் ஒரே ஆசையாயிற்று. கடையில் விற்கும் கைகழுவும் தொட்டிகள் சக்கர நாற்காலிக்கு உயரம். எனவே பழைய அலுமாரிக் கதவுகளை அறுத்து, தாழ்வாகப் பொருத்தும் ஒரு கொங்கிரீட் தட்டுக்கு முற்றத்தில் தாமே அச்சுப் பெட்டி அடித்தார். தொட்டிக்கு இடப்பக்கம் குழி, விழுந்த கையை வைக்க வலப்பக்கம் மேடை, நாற்காலி நுழைய முன்விளிம்பில் வளைவு. மூலைகளைச் சிலிக்கோனால் அடைத்து, எண்ணெய் பூசி, கொங்கிரீட்டை ஊற்றினார்.

உங்கள் வலது கையை மேசையில் மல்லாக்க வைத்துப் பின் கவிழ்த்துப் பாருங்கள். பெருவிரல் மறுபக்கம் போய்விடும். அச்சின் அடிப்பலகையில் படியும் முகமே வழுவழுப்பாக வரும் என்பதால், தட்டைக் கவிழ்த்துத்தான் வார்க்கவேண்டும். டீச்சர் அச்சில் இடம் வலம் மாற்ற மறந்துவிட்டார். அயலவர்கள் தூக்கி நிமிர்த்தியபோது, குழி விழுந்த கையின் பக்கம் இருந்தது. முன்விளிம்பில் வளைவு இருந்ததால் சுற்றிப் போடவும் வழியில்லை.

தூக்கியவர்களுக்கு முன்னால் ஆதம்லெவ்வை சிரித்தார். "ஊருக்கெல்லாம் கண்ணாடி விம்பம் படிப்பிச்ச டீச்சர். சோத்துக் கை எது எண்டு கேளுங்க."

டீச்சரே சம்மட்டியால் அதை உடைத்தார். என்னிடம் சொன்னார்: "பலகைய மாத்திப் பூட்டலாம் தங்கச்சி. மனுசன மாத்த ஏலா."

இரண்டாவது தட்டு அச்சொட்டாக அமைந்தது. மேசன் வந்து குளியலறையில் பொருத்திக் குழாயும் வைத்தார். கணவரோ, "அந்தக் கல்லில நான் கை வெக்க மாட்டன்" என்றார். டீச்சர் மறுபடி கையுறையை மாட்டிக்கொண்டார். நேற்று இரவுத் தொழுகைக்கும் அப்படித்தான் ஊற்றினாராம். விடியற்காலையில் நெஞ்சுவலி வந்தது.

நான் போனபோது டீச்சரின் மையித்தைக் குளிப்பாட்டி, கபன் துணி சுற்றியிருந்தார்கள். ஜனாஸாத் தொழுகைக்கு நேரமாயிற்று. வுழூவுக்குத் தண்ணீர் ஊற்றவந்த ஆண்களை விலக்கிவிட்டு, ஆதம்லெவ்வை தாமே நாற்காலியை உருட்டிக் குளியலறைக்குள் போனார். நெடுநேரம் குழாய் ஓடும் சத்தம் கேட்டது. முகமும் கைகளும் ஈரமாக வெளியே வந்தார்.

முகம் பார்க்க அவரைக் கூட்டிவந்தார்கள். இடது கையை டீச்சரின் நெற்றிவரை கொண்டுபோனார். கை அந்தரத்தில் நின்றது.

"தொடுங்க காக்கா, திரும்ப வுழூ எடுத்தாப் போச்சி" என்றார் ஆதம்லெவ்வையின் தங்கை.

"வேணா புள்ள. முறிஞ்சிரும்" என்று கையை மடியில் வைத்துக்கொண்டார்.

சந்தூக்குப் பெட்டியைத் தூக்க ஆட்கள் வந்துவிட்டார்கள். அந்த நெற்றியை நான் ஒருமுறை தடவினேன். வெள்ளைத் துணியை இழுத்து முகத்தை மூடினேன். டீச்சரின் கப்றுக்குழியை அல்லாஹ் விசாலமாக்கட்டும்.